லத்தீன் தொடர்களைப் படிக்கும்போது, சொன்னவர் யார் என்றும் கேளுங்கள்

கேள்வி இதுதான்: சட்டப் படிப்புக்கும் போட்டித் தேர்வுக்கும் ஆயத்தமாகும் ஒருவரிடம் லத்தீன் தொடர்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் அடங்கிய நீளமான பட்டியல் இருக்கிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்யலாமா, எவற்றை முதலில் படிப்பது, அந்த ஆங்கிலப் பொருள்களை நம்பிக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்கிறார்.

அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதே என் முதல் பதில். அந்தப் பட்டியலில் முற்றிலும் வேறான இரண்டு வகைகள் கலந்து கிடக்கின்றன. ஒரு வகை, நீதிமன்றத்திலும் மருந்துச் சீட்டிலும் அலுவலகத்திலும் இன்றும் வேலை செய்யும் சொற்கள். இவற்றுக்குப் பட்டியலில் உள்ள பொருளை நம்பலாம். எந்த வேலைக்கு வருகிறது என்பதோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. மற்றொரு வகை, கவிதையிலிருந்தும் நாடகத்திலிருந்தும் கடிதத்திலிருந்தும் பிய்த்து எடுத்த வரிகள். இவற்றுக்கும் பட்டியல் தரும் பொருள் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்பது உதிர்ந்துபோனதால், பல வரிகள் சொன்னவர் நினைத்ததற்கு நேர்மாறாகப் புழங்குகின்றன. இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முதல் வகையை முதலில் முடித்துவிடுகிறேன்.

இங்கிலாந்து நீதிமன்றங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் 1733 வரை லத்தீனில்தான் எழுதப்பட்டன. அரசர் பெயரால் ஓர் அதிகாரிக்குப் போகும் ஆணையும் லத்தீன்தான். ஆணைக்குள் வரும் முக்கியச் சொற்களே நாளடைவில் அதற்குப் பெயராகிவிட்டன. ஹேபியஸ் கார்பஸ் அப்படிப் பிறந்த பெயர். 'நீ உடலைக் கொண்டிருக்க வேண்டும்' என்று பட்டியல் பொருள் சொல்லும். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இந்தக் கட்டளை யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஓர் ஆளை அடைத்து வைத்திருப்பவருக்கு. 'நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை எங்கள் முன் நேரில் நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல்' என்பதுதான் ஆணையின் சாரம். தமிழில் இதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். லத்தீன் பெயரைவிடத் தமிழ்ப் பெயர் தெளிவாக இருக்கிறது.

இதன் எடை தெரிய ஒரு வழக்கு போதும். 1976இல், நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். 2017இல் தனியுரிமை வழக்கை விசாரித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்த நால்வரின் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. சட்டம் படிப்பவர் ஹேபியஸ் கார்பஸை இந்த வழக்கோடு படித்தால் தேர்வுக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

மற்ற நீதிப்பேராணைகளும் (ரிட் ஆணைகளும்) இதே போலத்தான். மேண்டமஸ் என்றால் 'ஆணையிடுகிறோம்'; கடமையைச் செய்யாமல் இருக்கும் அதிகாரியைப் பார்த்துச் சொல்வது. கோ வாரண்டோ என்றால் 'எந்த அதிகாரத்தால்'. தகுதியில்லாமல் பொதுப் பதவியில் அமர்ந்திருப்பவரைப் பார்த்துக் கேட்பது. செர்ஷியோரரி, கீழமை நீதிமன்றத்தின் அல்லது தீர்ப்பாயத்தின் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்து முடிவை நீக்குவதற்கு. இங்கிலாந்து 2004இல் மேண்டமஸ், செர்ஷியோரரி ஆகிய பெயர்களைக் கைவிட்டு எளிய ஆங்கிலப் பெயர்களை வைத்துக்கொண்டது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம், 226ஆம் உறுப்புகளில் அவை லத்தீனாகவே இருக்கின்றன. லண்டனில் மறைந்த பெயர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்றும் ஒலிக்கின்றன.

செய்தித்தாள் படிப்பவர் அடிக்கடி தடுமாறும் சில சொற்கள்: 'இன் கேமரா' விசாரணை என்றால் படம்பிடிக்கும் கருவியின் முன் நடப்பது அல்ல. லத்தீனில் கேமரா என்பது அறை. பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு மூடிய அறைக்குள் நடத்துவது. படக் கருவிக்கு அந்தப் பெயர் வந்ததே 'இருட்டறை' என்ற பொருளுடைய கேமரா அப்ஸ்கூராவிலிருந்துதான். 'சுவோ மோட்டு' என்றால் தன் சொந்த முனைப்பால். செய்தித்தாள்கள் 'தாமாக முன்வந்து' என்று எழுதுவது சரியான தமிழ். இந்தியாவில் பலர் 'மோட்டோ' என்று எழுதுகிறார்கள். தேர்வில் 'மோட்டு' என்றே எழுதுங்கள். 'சைனி டை' என்றால் நாள் குறிக்காமல் ஒத்திவைப்பது. 'அலிபை' என்றால் வேறிடத்தில்; குற்றம் நடந்தபோது நான் அங்கே இல்லை என்ற வாதம். கேவியட் மனுவில் உள்ள கேவியட், 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்ற வினைச்சொல். எதிர்த்தரப்பு நம்மைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வாங்கிவிடக் கூடாது என்று முன்கூட்டியே போட்டு வைப்பது; உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்படி 90 நாள் உயிரோடிருக்கும்.

'எக்ஸ் கிரேஷியா' என்ற தொடரை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். விபத்து நடந்ததும் அரசு அறிவிக்கும் கருணைத் தொகை இது. 'அருளால்' என்பதே சொற்பொருள். கொடுக்கச் சட்டக் கடமை உண்டென்று ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பது. இழப்பீடு வேறு, அது பாதிக்கப்பட்டவரின் உரிமை. கருணைத் தொகை வாங்கியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து இழப்பீடு கேட்காமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஒரு லத்தீன் தொடரின் பொருள் தெரியாததால் பணமே நஷ்டமாகும் இடம் இது.

விசாரணை நியாயமாக நடக்க வேண்டும் என்ற இயற்கை நீதிக் கோட்பாட்டின் இரண்டு தூண்களையும் லத்தீனிலேயே மனத்தில் வையுங்கள்: 'ஆவ்டி ஆல்தெரம் பார்தெம்' (மறுதரப்பையும் கேள்), 'நேமோ யூதெக்ஸ் இன் காவ்ஸா ஸூவா' (தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் இருக்க முடியாது). பணிநீக்க வழக்குகளில் பாதி இந்த இரண்டின் மேல்தான் நிற்கும்.

மருந்துச் சீட்டுக்கு வருவோம். சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்ட குறி இருக்கும். 'ரெகிபே', அதாவது 'எடுத்துக்கொள்' என்பதன் சுருக்கம் அது. பி.டி. என்றால் 'பிஸ் இன் டியே', நாளுக்கு இரண்டு முறை. டி.டி.எஸ். மூன்று முறை. ஓ.டி. நாளுக்கு ஒரு முறை. எச்.எஸ். 'ஹோரா ஸோம்னி', தூங்கப் போகும் நேரத்தில். ஏ.சி. உணவுக்கு முன், பி.சி. உணவுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கப்பல் அனுப்பும் அபயக் குறி அல்ல. 'ஸி ஓபுஸ் ஸிட்', தேவைப்பட்டால் மட்டும். காய்ச்சல் மாத்திரைக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால், காய்ச்சல் இல்லாதபோது போட வேண்டாம் என்று பொருள். ஓ.டி. என்ற சுருக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: கண் மருத்துவத்தில் அதே எழுத்துகள் 'ஓகுலுஸ் டெக்ஸ்டெர்', வலக் கண்ணைக் குறிக்கும். மருந்துப் பாதுகாப்பில் அக்கறையுள்ளவர்கள் இத்தகைய சுருக்கங்களைத் தவிர்க்கச் சொல்வது நியாயம்தான். நம் மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதும் வழக்கம் எந்த லத்தீனையும்விட நல்லது. புரியாவிட்டால் மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள், ஊகிக்காதீர்கள்.

அலுவலகச் சொற்களில் போனஃபைட் ('நல்ல நம்பிக்கையோடு'), வைவா ('உயிருள்ள குரலால்', முழுத் தொடர் வைவா வோசி), ஆட் ஹாக் ('இதற்காக மட்டும்') போன்றவை உங்களுக்கே தெரியும். ஆங்கிலக் கட்டுரையில் ஐ.ஈ. என்பதையும் ஈ.ஜி. என்பதையும் மாற்றிப் போடுபவர்கள் மிகப் பலர். முன்னது 'அதாவது', பின்னது 'எடுத்துக்காட்டாக'.

இனி இரண்டாம் வகை.

'கார்பே டியெம்' உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும்; 'நாளைப் பாய்ந்து பிடி' என்கிற தொனியில் ஆங்கிலப் பொருள் கொடுத்திருப்பார்கள். சாகசப் பயண விளம்பரம் வரை அந்தத் தொனியிலேயே பரவிவிட்டது. எழுதியவர் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ்; கி.மு. 23இல் வெளியான அவருடைய பாடல் தொகுப்பில், முதல் புத்தகத்தின் 11ஆம் பாடல். எட்டே வரிகள். லியூகோனோயே என்ற பெண்ணிடம் பேசுகிறார். தனக்கும் இவருக்கும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று பாபிலோனியச் சோதிடக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறாள் அவள். 'கேட்காதே, அதை அறிவது முறையல்ல' என்று தொடங்குகிறது பாடல். இன்னும் பல குளிர்காலங்கள் வருமோ, அல்லது இப்போது பாறைகளில் மோதிக் கடலைச் சோர வைக்கும் இந்தக் குளிர்காலமே கடைசியோ, எது வந்தாலும் தாங்கிக்கொள்வதே மேல். அறிவோடு இரு, மதுவை வடிகட்டு, நீண்ட நம்பிக்கையைக் குறுகிய அளவுக்குக் கத்தரித்துவிடு. நாம் பேசும்போதே பொறாமை பிடித்த காலம் ஓடிவிடும். பிறகுதான் 'கார்பே டியெம்'. அடுத்து, 'நாளைய தினத்தை எவ்வளவு குறைவாக நம்ப முடியுமோ அவ்வளவு குறைவாக நம்பு'.

கவனியுங்கள்: வடிகட்டுவது, கத்தரிப்பது, இவற்றோடு வரும் 'கார்பே' கனியையோ பூவையோ கொய்வதற்கான வினை. திராட்சைத் தோட்டத்தில் பழகியவரின் பேச்சு இது. பழுத்திருக்கும் இன்றைய நாளைக் கொய்துகொள், நாளைக்கு என்று கிளையில் விட்டுவைக்காதே என்கிறார். உலகத்தைச் சுற்று, வேலையை உதறு என்று அவர் யாரையும் தூண்டவில்லை. சோதிடரிடம் போகாதே, கையில் இருக்கும் வேலையைப் பார் என்று அமைதியாகச் சொல்கிறார். நம் வீடுகளில் ஜாதகக் கட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல ஏற்ற வரி.

அதே ஹொரேஸ் எழுதிய இன்னொரு வரி பலரின் உயிரைக் குடித்தது. 'டுல்கே எட் டெகோரும் எஸ்ட் ப்ரோ பாட்ரியா மோரி': தாய்நாட்டுக்காகச் சாவது இனியது, தகுதியானது. மூன்றாம் புத்தகத்தின் இரண்டாம் பாடலில் வருகிறது. பிரிட்டனின் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் இதைப் படித்தார்கள். முதல் உலகப் போரில் நச்சுவாயுத் தாக்குதலில் ஒருவன் மூச்சுத் திணறிச் சாவதைக் கவிதையாக எழுதிய வில்ஃப்ரெட் ஓவன், இந்த வரியை அங்கே மேற்கோள் காட்டி, அது பழைய பொய் என்றார். அவரும் 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரு வாரம் இருக்கும்போது, 25ஆம் வயதில் களத்தில் இறந்தார். ஹொரேஸைப் பற்றி ஒரு செய்தியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 42இல் பிலிப்பி போரில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸின் படையில் இருந்தவர் அவர். தோற்று ஓடும்போது கேடயத்தைக் கௌரவக் குறைவாக விட்டுவிட்டு வந்ததாக, மற்றொரு பாடலில் அவரே எழுதியிருக்கிறார். போர்க்களத்தில் உயிர் பிழைத்தவர் எழுதிய வரி என்று தெரிந்து படித்தால், அதைச் சுவரில் எழுதி வைக்கக் கை தயங்கும். நினைவுச் சின்னங்களில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓவன்தான் நினைவுக்கு வருகிறார்.

'துணிந்தவர்க்கே அதிர்ஷ்டம் துணை' என்ற பழமொழி மூன்று வாய்களில் வருகிறது. ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் நாடகத்தில் கெட்டா என்ற அடிமை 'ஃபோர்டிஸ் ஃபோர்டூனா அட்யுவாட்' என்கிறான். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் 'ஆவ்டென்டிஸ் ஃபோர்டூனா யுவாட்' என்று முழங்குபவன் டர்னஸ். அவன் கதாநாயகன் அல்லன். கதாநாயகன் ஈனியஸை எதிர்த்து நின்று, காவியத்தின் கடைசி வரியில் சாகிறவன். மூன்றாமவர் ரோமானிய அறிஞர் மூத்த பிளினி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அவர் அருகே கடற்படைத் தளபதியாக இருந்தார். கரையில் சிக்கியவர்களை மீட்கக் கப்பலைச் செலுத்தினார். சூடான சாம்பலும் கற்களும் விழத் தொடங்கியதும் திரும்பிவிடலாமா என்று மாலுமி கேட்டபோது, 'ஃபோர்டேஸ் ஃபோர்டூனா யுவாட். பொம்போனியானஸ் இருக்கும் இடத்துக்குப் போ' என்று தன் நண்பரின் பெயரைச் சொன்னார். மறுநாள் ஸ்டேபியே கரையில் மூச்சடைத்து இறந்தார். இதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதியவர் அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி. ஆக, இதை ஊக்க உரையாகச் சொன்னவர்களில் இரண்டு பேருக்கு அதிர்ஷ்டம் துணை வரவில்லை. பிளினி சொன்ன சூழலில் இந்த வரிக்கு வேறொரு பெருமை இருக்கிறது. துணிவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஆட்களைக் காப்பாற்றப் போனார். வெற்றிக்கு உறுதியளிக்கும் வரியாக இதைப் படிப்பவர் அந்தக் கடிதத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

டெரன்ஸின் பெயர் வந்ததால் அவருடைய மிகப் புகழ்பெற்ற வரியையும் பார்த்துவிடலாம்: 'ஹோமோ ஸும், ஹுமானி நிஹில் அ மே அலியேனும் புட்டோ'. நான் மனிதன், மனிதர் சார்ந்த எதையும் எனக்கு அந்நியமாகக் கருதுவதில்லை. மனித நேயத்தின் உச்சமாக இதை மேற்கோள் காட்டுவார்கள். தமிழில் எழுதுபவர்கள் கணியன் பூங்குன்றனார் பாடலின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். கி.மு. 163இல் மேடையேறிய நகைச்சுவை நாடகத்தில் இந்த வரி வரும் இடம் வேறு மாதிரி. மெனடிமஸ் என்ற கிழவர் வயலில் தன்னை வதைத்துக்கொண்டு பாடுபடுகிறார். பக்கத்து நிலத்துக்காரர் கிரிமீஸ் வந்து, ஏன் இப்படி என்று துருவித் துருவிக் கேட்கிறார். 'உனக்குச் சம்பந்தமில்லாத அடுத்தவர் விஷயத்தைக் கவனிக்கும் அளவுக்கு உன் வேலையில் உனக்கு ஓய்வு கிடைக்கிறதா?' என்று மெனடிமஸ் சலித்துக்கொள்கிறார். அதற்குக் கிரிமீஸின் பதில்தான் அந்த வரி. ஊர் வம்பு விசாரிப்பவரின் சமாளிப்பு!

அப்படியானால் உயர்ந்த பொருளில் பயன்படுத்துவது தவறா? இல்லை. டெரன்ஸுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ரோமானியத் தத்துவஞானி செனகாவே, இந்த வரி எல்லாருடைய நெஞ்சிலும் வாயிலும் இருக்கட்டும் என்று, மனிதர் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமையைப் பற்றிய கடிதத்தில் எழுதினார். வரி அங்கேயே வளர்ந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக ரோமுக்கு வந்து சேர்ந்து விடுதலை பெற்றவர் டெரன்ஸ் என்பதையும் நினைத்துப் பார்த்தால், நாடகத்தின் வேடிக்கையைத் தாண்டி அவர் இதை எழுதியிருக்கக் கூடும் என்றே நான் நினைக்கிறேன். முதல் பொருள் மட்டுமே சரி என்ற பிடிவாதம் எனக்கில்லை. இரண்டும் தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ரோமானிய அங்கதக் கவிஞர் ஜுவனலிடம் வரும்போது என் பொறுமை சற்றுக் குறைகிறது. காரணம், அவருடைய வரிகள்தான் நம்மிடையே மிக அதிகமாகத் திரிகின்றன. 'பானெம் எட் கிர்கென்ஸெஸ்', ரொட்டியும் பந்தயமும். தேர்தல் நேரத்தில் இலவசங்களைச் சாடிக் கட்டுரை எழுதும் எவரும் இதை விடுவதில்லை: ஓட்டுக்காக ரோமில் சோறும் கேளிக்கையும் கொடுத்தார்கள், இங்கேயும் அப்படியே என்று. ஜுவனலின் பத்தாம் அங்கதப் பாடலில் அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள். 'நம் ஓட்டை யாருக்கும் விற்க முடியாமல் போன நாளிலிருந்து' மக்கள் பொறுப்பை உதறிவிட்டார்கள் என்கிறார். ஒரு காலத்தில் படைத்தலைமையும் பதவிகளும் வழங்கிய மக்கள், இப்போது ரொட்டிக்கும் தேர்ப் பந்தயத்துக்கும் மட்டும் ஏங்குகிறார்கள் என்கிறார். கி.பி. 14இல், பேரரசர் திபேரியஸ் ஆட்சியின் தொடக்கத்தில், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமிருந்து செனட் சபைக்குப் போய்விட்டது. ரோமில் இலவசத் தானியம் பெற்றவர்கள் அவருக்கு முந்தைய பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் 2,00,000 பேருக்குச் சற்று அதிகம் என்று அகஸ்டஸின் சாதனைக் கல்வெட்டே சொல்கிறது. ஜுவனல் பேசுவது ஓட்டு பறிக்கப்பட்ட மக்களைப் பற்றி. கையில் ஓட்டு இருக்கும் மக்களைத் திட்ட அந்த வரியை எடுப்பவர், அதன் கூர்மையான பாதியை வெட்டிவிட்டு மொட்டைப் பாதியைப் பிடித்துக்கொள்கிறார். இலவசத் திட்டங்களைப் பற்றி எந்தக் கருத்தும் வைத்திருக்கலாம். ஜுவனலைச் சாட்சிக்கு அழைத்தால் முழுச் சாட்சியத்தையும் கேட்க வேண்டும்.

'மென்ஸ் ஸானா இன் கோர்போரே ஸானோ'வும் அதே பாடலின் முடிவில்தான் வருகிறது. உடல் நன்றாக இருந்தால் மனம் தானே நன்றாக இருக்கும் என்ற பொருளில் உடற்பயிற்சிக் கூடங்கள் இதை எழுதி வைக்கின்றன. மூலத்தில் அது வேண்டுதல். செல்வம், பதவி, அழகு, நீண்ட ஆயுள் என்று மனிதர் கேட்கும் ஒவ்வொன்றும் அவரையே அழிப்பதைப் பாடல் முழுக்கக் காட்டிவிட்டு, கடவுளிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் நலமான உடலில் நலமான மனத்தையும், சாவுக்கு அஞ்சாத நெஞ்சையும் கேள் என்கிறார். ஜப்பானின் ஆசிக்ஸ் காலணி நிறுவனத்தின் பெயர் இந்த வரியின் ஒரு மாற்று வடிவத்திலுள்ள ஐந்து சொற்களின் முதல் எழுத்துகள்; அங்கே மனத்துக்கு 'மென்ஸ்' என்பதற்குப் பதில் 'அனிமா' என்று வைத்துக்கொண்டார்கள். 'க்விஸ் குஸ்டோடியெட் இப்ஸோஸ் குஸ்டோடேஸ்', காவலரை யார் காப்பது என்பதும் ஜுவனல்தான். இன்று காவல்துறை, ஊழல் தடுப்பு அமைப்பு பற்றியெல்லாம் பொருத்தமாகவே பயன்படுகிறது. ஆறாம் பாடலில் அவர் கேட்டது மனைவிக்குக் காவல் வைக்கும் கணவர்களைப் பற்றி. அந்தப் பாடல் பெண்களைப் பழித்து எழுதியது, இன்று அப்படியே ரசிக்க முடியாது.

சீசர் பெயரில் மூன்று தொடர்கள் உண்டு. மூன்றில் ஒன்றுதான் லத்தீனில் அவருடையது என்று தயங்காமல் சொல்லத்தக்கது: 'வேனி, வீடி, வீகி', வந்தேன், பார்த்தேன், வென்றேன். கி.மு. 47இல் இன்றைய துருக்கியில் உள்ள ஸேலா என்ற இடத்தில் பொன்டஸ் மன்னன் ஃபார்னசஸை வென்றதைப் பற்றியது. போர் நான்கு மணி நேரத்தில் முடிந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுவேட்டோனியஸ் எழுதுகிறார். வெற்றி ஊர்வலத்தில் பலகையில் எழுதித் தூக்கிச் சென்றார்களாம். உள்நாட்டுப் போரில் இறங்கும் முன் ரூபிகான் ஆற்றங்கரையில் கி.மு. 49இல் சொன்ன 'பகடை உருட்டியாயிற்று' என்பதை சுவேட்டோனியஸ் லத்தீனில் தருகிறார். கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கோ சீசர் அதைக் கிரேக்கத்தில் சொன்னதாகவும், 'பகடை உருளட்டும்' என்ற வடிவத்திலும் தருகிறார். இரண்டுக்கும் வேறுபாடு பெரிது: முதலாவதில் முடிந்த காரியம், இரண்டாவதில் துணிந்து இறங்கும் கணம். 'எட் டூ, ப்ரூட்டே' நமக்கு வந்தது ஷேக்ஸ்பியரின் நாடகத்தால். சுவேட்டோனியஸின் கூற்றுப்படி 23 குத்துகளுக்கும் சீசர் ஒரு முனகலைத் தவிர எதுவும் பேசவில்லை. சிலர் மட்டும் அவர் புரூட்டஸைப் பார்த்துக் கிரேக்கத்தில் 'நீயுமா, மகனே' என்றதாகச் சொல்கிறார்கள். தேர்வில் 'சீசரின் கடைசிச் சொல்' என்று கேட்டால் எதிர்பார்க்கும் விடையை எழுதுங்கள். கட்டுரையில் எழுதும்போது ஷேக்ஸ்பியர் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படி லத்தீன் உடையில் வரும் கிரேக்கர் இன்னொருவரும் உண்டு. 'ஆர்ஸ் லோங்கா, வீட்டா ப்ரேவிஸ்' என்பதைக் கலை நிலைக்கும், வாழ்க்கை குறுகியது என்று ஓவியர்களும் பாடகர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். மூலம் பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் உள்ள மருத்துவ மொழிகளில் முதலாவது. வாழ்க்கை குறுகியது, கலை நெடியது, வாய்ப்பு நழுவக்கூடியது, சோதனை ஆபத்தானது, தீர்ப்புச் சொல்வது கடினம். கலை என்று அவர் சொன்னது மருத்துவத் தொழிலை. கற்க வேண்டியது ஏராளம், ஆயுளோ போதாது என்ற மருத்துவரின் தவிப்பு அது.

பொன்மொழிகளாக நிறுவனங்கள் எடுத்துக்கொண்டவற்றில் இரண்டு. அமெரிக்க அரசு முத்திரையில் 1782இலிருந்து இருக்கும் 'எ ப்ளூரிபுஸ் ஊனும்', பலவற்றிலிருந்து ஒன்று. இதே சொற்கள் ஏறக்குறைய அப்படியே வரும் பழைய லத்தீன் கவிதை ஒன்று, ஏழை உழவன் விடியலில் பூண்டு, பச்சிலை, பாலாடைக்கட்டி எல்லாம் உரலில் இட்டு இடிப்பதை வருணிக்கிறது. இடிக்க இடிக்க ஒவ்வொன்றும் தன் தனி நிறத்தை இழந்து எல்லாம் ஒரே நிறமாகிறதாம். நம் அம்மியில் அரைபடும் துவையல் போலத்தான்.

அடுத்தது நமக்கு நெருக்கமானது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொன்மொழி 'டாக்ட்ரீனா விம் ப்ரோமோவெட் இன்ஸிட்டம்': பிறவி ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது. பட்டம் வாங்கிய பலர் வீட்டுச் சுவரில் இந்த வரி தொங்குகிறது. இதுவும் ஹொரேஸ்தான், நான்காம் புத்தகத்தின் நான்காம் பாடல். அகஸ்டஸின் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகன் ட்ரூசஸ் ஆல்ப்ஸ் மலையில் பெற்ற வெற்றியைப் புகழ்வது. வீரருக்கு வீரரே பிறப்பார், கழுகு புறாவைப் பெறாது என்று குலப் பெருமை பாடிவிட்டு, அடுத்த வரியில் 'ஆனால்' என்று திரும்பி, பிறவி ஆற்றலைப் பயிற்சிதான் முன்னெடுக்கிறது என்கிறார். பல்கலைக்கழக வாசகத்தில் அந்த 'ஆனால்' இல்லை. கழுகும் புறாவும் இல்லை. பிறப்பைப் பற்றிய பாதியை விட்டுவிட்டுக் கல்வியைப் பற்றிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு என்பேன். பிறப்பை வைத்தே கல்வியை மறுத்த ஊரில் முழுப் பாடலையும் எழுதி வைத்திருந்தால் என்ன பொருள் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிக்கும் வரிசை பற்றிக் கேட்டீர்கள். முதலில் நீதிப்பேராணைகளும் இயற்கை நீதித் தொடர்களும், ஒவ்வொன்றும் ஒரு வழக்கோடு. பிறகு செய்தித்தாளில் வரும் சொற்களை, வரும்போதெல்லாம் குறித்து வையுங்கள். மேற்கோள் வரிகளில் பத்துப் பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள வரிகளை நல்ல மொழிபெயர்ப்பில் படியுங்கள். ஹொரேஸின் அந்த எட்டு வரிகளுக்குக் கால் மணி நேரம் போதும். பிளினியின் வெசூவியஸ் கடிதம் சில பக்கங்கள்தான்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். ரோமானியர் 'வேனி வீடி வீகி' என்பதில் உள்ள 'வீகி'யைக் ககரத்தோடுதான் சொன்னார்கள். தேவாலய லத்தீனில் அது 'வீச்சி'. ஆங்கில வழக்கறிஞர்கள் தங்கள் மொழியின் ஓசைப்படி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள், அதனால்தான் 'ஸினே டியே' நம் சட்டமன்றத்தில் 'சைனி டை' ஆயிற்று. நேர்முகத் தேர்விலும் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் உச்சரிப்பையே சொல்லுங்கள். அங்கே புழங்கும் உச்சரிப்பு அதுதான். கவிதை வரிகளை மட்டும் எழுத்து எழுத்தாக, நெடிலுக்கு நெடில் கொடுத்து வாய்விட்டுப் படியுங்கள். குறில் நெடில் பழகிய தமிழ் நாக்குக்கு அது சிரமமாக இருக்காது.